தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு

(காவிரிப் பாசனக் கிராமங்களுக்குரிய குடிநீர்ப் பாடம்)

முன்னாளில் ஒரே தஞ்சாவூர் ஜில்லாவாக இருந்து, இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்து நிற்கும் காவிரி டெல்டாவில், ஜலத்திற்குக் குறைவில்லை என்பது பொதுஜனங்களின் எண்ணம். 1934-ம் வருஷத்தில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது முதல், வழக்கப்படி ஜூன் 12-ந் தேதி அணையிலிருந்து நீர் விடப்படும் நாளைக் குடியானவர்கள் எதிர்நோக்கி இருப்பது யாவரும் அறிந்ததே. அந்நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றின் வழியாகப் பிரிந்து, வாய்க்கால்தோறும் பாய்ந்து, குருவை நாற்றங்காலை நனைக்கிறது. ஆனால் வயலுக்கு வேண்டிய ஜலத்தின் குணம் வேறு. வாய்க்கு வேண்டிய ஜலத்தின் குணம் வேறு. வண்டல் கலந்த புது வெள்ளம் நெற்பயிருக்கு உரமாகும். அதுவே குடத்தில் ஏறினால் குடும்பத்திற்கு நோயாகும்.

குடிநீரைப் பற்றிக் கிராமங்களில் நிலவும் தவறான அபிப்பிராயம் ஒன்று உண்டு. கலங்கிய நீர் கெட்டது, தெளிந்த நீர் நல்லது என்று கண்ணால் மட்டும் தீர்மானித்து விடுவதே அது. கண்ணுக்குப் புலப்படாத நோய்க்கிருமிகள் பளிங்கு போன்ற நீரிலும் இருக்கக் கூடும். ஆகையால் நீரைச் சுத்தப்படுத்துவது என்பது ஒரு வேலையன்று, மூன்று வேலைகள். முதலாவது, நீர் கெடாமல் காத்தல். இரண்டாவது, கலங்கலைத் தெளிய வைத்தல். மூன்றாவது, கிருமிகளை ஒழித்தல். இம்மூன்றில் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இவ்வரிசையை மனத்தில் இருத்திக் கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

நீர் கெடும் வகை

வாந்திபேதி, சீதபேதி, டைபாய்டு ஜுரம், மஞ்சட்காமாலையில் ஒரு வகை ஆகிய நோய்கள், நோயாளியின் மலத்திலுள்ள கிருமிகள் குடிநீரில் கலப்பதனால் பெரிதும் பரவுகின்றன. 1884-ம் வருஷத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தபோது, வாந்திபேதி பரவியிருந்த ஓரிடத்தில் ஒரு குளத்து நீரை எடுத்துச் சோதித்து, அதில் அந்நோயின் கிருமிகள் இருப்பதைக் கண்டார். அக்குளத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அதிலேயே குளித்து, அதிலேயே துணி துவைத்து, அதையே குடித்து வந்தனர். இது கங்கைக்கரைச் செய்தி என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. ஒரே படித்துறையில் மாடு கழுவுதல், துணி துவைத்தல், பாத்திரம் துலக்குதல், குடிநீர் முகத்தல் ஆகிய நான்கும் நடைபெறும் குளங்கள் காவிரிக்கரையிலும் உண்டு.

குழாய் வந்து விட்டதே, இனி அச்சம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில், காவிரியின் கடைமடையிலுள்ள காரைக்காலில் வயிற்றுப்போக்கு நோய் பரவி, வாந்திபேதியும் உறுதி செய்யப்பட்டுப் பொதுச் சுகாதார அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பழுதுபட்ட குடிநீர்க் குழாய்களில் சாக்கடை நீர் கலந்ததே காரணமெனச் சொல்லப்பட்டது. குழாயில் நீரோட்டம் நிற்கும் வேளையில், குழாயின் வெடிப்பைச் சுற்றியுள்ள சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே குழாய் ஜலமும் காவலின்றித் தூய்மையாக இராது.

டெல்டாவில் மிகுந்த எச்சரிக்கைக்குரிய காலங்கள் இரண்டு. ஒன்று, அணை திறந்து முதல் நீர் வரும் நாட்கள். வழக்கப்படி ஜனவரி 28-ல் அணை மூடப்பட்ட பின் மாதக்கணக்கில் வறண்டு கிடந்த வாய்க்கால்களில் சேர்ந்த மலமும் குப்பையும் முதல் நீரோடு அடித்துக் கொண்டு வரப்படுகின்றன. மற்றொன்று, ஐப்பசி கார்த்திகை மழைக்காலம். அப்பொழுது வடிகால்கள் நிரம்பி எதிர்த்து நிற்க, தாழ்வான இடத்துக் கிணறுகளில் ஊர் அழுக்கெல்லாம் இறங்குகிறது.

முதல் வேலை: காத்தல்

கெட்ட நீரைத் திருத்துவதினும் நல்ல நீரைக் கெடாமல் காப்பது செலவு குறைந்தது. குடிநீர்க் கிணறு, கக்கூஸ் குழி, எருக்குழி, மாட்டுத் தொழுவம், சாக்கடை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி, விலகி இருத்தல் வேண்டும். இயன்றால் அவற்றினும் மேடான இடத்தில் அமைதல் நலம். கிணற்றின் உட்சுவர் மேலிருந்து 6 மீட்டர் ஆழம் வரையில் நீர் கசியாதபடி சிமெண்டு வைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். உறைக்கிணறாயின், மேல் உறைகளின் இடைவெளிகளையாவது சிமெண்டுக் கலவையால் அடைத்தல் அவசியம். கைப்பிடிச் சுவர் 70 முதல் 75 சென்டிமீட்டர் உயரமும், சுற்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்தில் வெளிப்புறம் சாய்ந்த தளமும், தளத்தில் சிந்தும் நீரை அப்பால் கொண்டு செல்லும் கால்வாயும் வேண்டும். ஆளுக்கொரு வாளியும் கயிறும் இறக்குவதை விட்டு, ஊருக்குப் பொதுவாக ஒரு வாளியை ராட்டினத்தில் நிலையாகக் கட்டி வைப்பது நன்று. மூடி போட்டுக் கைப்பம்பு வைப்பது அதனினும் சிறந்தது.

எருக்குழி விஷயம் குடியானவர்கள் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது. சாணம், மூத்திரம், இரசாயன உரம் ஆகியவற்றிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நிலத்தினுள் இறங்கிக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்தால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடல் நீலம் பாயும். இந்த நைட்ரேட்டைக் காய்ச்சி நீக்க இயலாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். பூச்சிமருந்தும் அவ்வாறே. மருந்து தெளிக்கும் கருவியைக் கண்ணாற்றிலோ குளத்திலோ கழுவுவதும், மருந்து வந்த டப்பாவில் குடிநீர் முகப்பதும் ஒருக்காலும் கூடாது.

ஊர்க்குளத்தை வாய்க்கால் நீரால் நிரப்பும் கிராமங்களில், முதல் சில நாட்களின் கலங்கல் நீர் கடந்து போகும்வரை குளத்து மதகை அடைத்து வைப்பது நலம். நீரை நேரே விடாமல் ஓரிடத்தில் தங்கச் செய்து பின் விடும் முறை இந்நாட்டிற்குப் புதிதன்று. தஞ்சை நகரத்திலேயே செவ்வப்பநாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கி, அங்கிருந்து நிலத்தடி வழியாகச் சிவகங்கைக் குளத்திற்குக் கொண்டு வந்த ஏற்பாடு முற்காலத்தில் இருந்தது. தங்கிய நீரில் வண்டல் படியும்; படிந்தபின் மேல் நீர் தெளியும்.

இரண்டாவது வேலை: தெளிய வைத்தல்

கலங்கல் நீரில் மருந்து இட்டால், மருந்தின் பெரும்பகுதியைச் சேறும் அழுக்குமே உண்டுவிடும். கிருமிகள் மண் துகள்களுக்கிடையே ஒளிந்து தப்பும். ஆகையால் மருந்துக்கு முன் தெளிவு வேண்டும். வீட்டில் செய்யக் கூடிய வழிகள் பின்வருமாறு.

படிகாரம்: 15 லிட்டர் கொள்ளும் குடத்திற்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரையில் போதுமானது. பொடியை இட்டு நன்றாகக் கலக்கி, பின் மெதுவாகச் சுற்றி, சில மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும்.

தேற்றாங்கொட்டை: பானையின் உட்புறத்தில் இதனைத் தேய்த்து நீர் ஊற்றும் வழக்கம் நம் முன்னோர் அறிந்தது. தேற்றா மரம் எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. எட்டிக்கொட்டை கொடிய நஞ்சாதலால், கொட்டையை நன்கு அறிந்தவரிடமே வாங்க வேண்டும்.

முருங்கை விதை: முற்றி உலர்ந்த விதையின் மேலோட்டை நீக்கிப் பருப்பை இடித்துக் குழம்பாக்கி, நன்கு கலங்கிய நீரானால் லிட்டருக்கு ஒரு விதை, சிறிது கலங்கியதானால் இரண்டு லிட்டருக்கு ஒரு விதை வீதம் கலக்க வேண்டும். ஒரு நிமிஷம் விரைவாகவும், ஐந்து முதல் பத்து நிமிஷம் வரையில் மெதுவாகவும் கிளறி, ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் தெளியவிட வேண்டும். விதையிலுள்ள ஒரு வகைப் புரதம் மண் துகள்களைத் திரட்டி அடியில் படியச் செய்கிறது. விதையின் சத்து சிறிது நீரில் தங்குவதால், இந்நீரை அன்றன்றைக்கே செலவிட வேண்டும்.

துணியில் வடிகட்டுதல்: வங்காள தேசத்தில் மத்லாப் என்னும் பகுதியின் கிராமங்களில், பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் முகக்கும்படி பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வாந்திபேதி ஏறக்குறைய பாதி குறைந்ததென்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. அந்நோயின் கிருமிகளிற் பல, நீரில் வாழும் நுண்ணிய பூச்சிகளின் உடலைப் பற்றிக் கொண்டிருப்பவை. அப்பூச்சிகள் துணியில் தங்கிவிடுகின்றன. புதுத் துணியினும் துவைத்துப் பழகிய துணியின் கண்கள் நெருக்கமாதலால் பழந்துணியே மேல். இராஜஸ்தானத்தில் 1996-ல் கடைசி நோயாளி காணப்பட்டு, 2000-ல் இந்தியாவினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட நரம்புச் சிலந்தி நோயும், படிக்கிணறுகளை மாற்றியமைத்தும் இவ்வாறு துணியில் வடிகட்டியுமே விரட்டப்பட்டது. வடிகட்டிய துணியை உடனே அலசி வெயிலில் உலர்த்த வேண்டும்.

மணல் வடிப்பு: மணலின் வழியாக மெதுவாக இறங்கும் நீர் தெளிவதோடு, கிருமிகளையும் பெரும்பாலும் இழக்கிறது. மணலின் மேற்பரப்பில் படியும் மெல்லிய பாசி போன்ற ஏடே அவ்வேலையைச் செய்கிறது. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதியால் சுமார் 8,600 பேர் மாண்டனர். அதே எல்பி ஆற்றின் நீரை, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்தபின் எடுத்த அடுத்த நகரமாகிய ஆல்டோனா, மணலில் வடித்துக் குடித்ததனால் பெரும்பாலும் தப்பியது. சென்னை நகரத்திற்கும் 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் இத்தகைய மணல் வடிப்புத் தொட்டிகளே அமைக்கப்பட்டன. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் முகக்கும் நமது வழக்கத்தின் நியாயமும் இதுவே. கொள்ளிடத்திலிருந்து வேதாரண்யம் வரையில் குடிநீர் கொண்டு செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருப்பதை நோக்கினால், ஆற்று மணலை அளவின்றி அள்ளுவது குடிநீரையே அள்ளுவதற்கு ஒப்பாகும் என்பது விளங்கும்.

ஆனால் வீட்டில் மணலும் கரியும் இட்டு அடுக்கும் பானைகளை இவற்றோடு சமமாக எண்ணலாகாது. அவற்றில் நீர் விரைந்து இறங்குகிறது, ஏடு நிலைப்பதில்லை, கழுவாத கரியில் கிருமிகள் பெருகவும் கூடும். அவை தெளிவைத் தருமேயன்றித் தூய்மைக்கு உறுதி கூறா.

மூன்றாவது வேலை: கிருமிகளை ஒழித்தல்

காய்ச்சுதல் யாவற்றினும் உறுதியான வழி. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டால் போதும். பின் அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட வேண்டும். ஆறிய நீரில் பச்சை ஜலத்தைக் கலந்தால் பாடுபட்டது வீணாகும்.

ஊர்க்கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் ஏற்றது. முதலில் கிணற்றிலுள்ள நீரின் அளவைக் கணக்கிட வேண்டும். வட்டக் கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பெருக்கி, வந்ததை 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். உதாரணமாக, குறுக்களவு 2 மீட்டர், நீர் ஆழம் 3 மீட்டர் ஆனால், 2 × 2 × 3 × 785 = 9,420 லிட்டர். தெளிந்த நீருக்கு, 33 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடர் 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 2½ கிராம் வேண்டும். ஆகவே இக்கிணற்றுக்கு ஏறக்குறைய 24 கிராம் போதும்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டுதல் தவறு. ஒரு வாளியில் பவுடரை இட்டுச் சிறிது நீரில் குழைத்து, முக்கால் வாளி வரையில் நீர் ஊற்றிக் கலக்கி, 5 முதல் 10 நிமிஷம் வரையில் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலுள்ள தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி, நீருக்குள் மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். சுண்ணாம்பு மண்டியைக் கிணற்றில் போடலாகாது. ஒரு மணி நேரம் எவரும் நீர் முகக்கலாகாது; ஆகவே இரவில் இடுவதே வசதி. மருந்து போதியதா என்பதை, ஒரு மணி நேரத்திற்குப் பின் குளோரின் சோதிக்கும் கருவியால் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் போதுமானது. குறைந்தால் மேலும் இட வேண்டும். பவுடர் ஈரமும் வெயிலும் பட்டால் வீரியம் இழக்கும். காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வைத்தல் அவசியம். ஒரு வருஷம் திறந்து கிடந்த மூட்டையிலிருந்து எடுத்து இடுவது வெறும் சுண்ணாம்பு இடுவதற்கே சமம்.

வீட்டிற்குக் குளோரின் மாத்திரைகள் கிடைக்கின்றன. அரை கிராம் எடையுள்ள மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த நீருக்குப் போதும். உறையில் அச்சிட்ட அளவைப் பார்த்து இட வேண்டும்.

செப்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த நீர் நல்லதென்னும் பழைய வழக்கமும் ஆதாரமற்றதன்று. 16 மணி நேரம் செப்புப் பாத்திரத்தில் இருந்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததாக 2012-ல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டுள்ளனர். எனினும் நோய் பரவும் காலத்தில் இதனை மட்டும் நம்பாமல் காய்ச்சுதலையோ குளோரினையோ கைக்கொள்ள வேண்டும்.

எவ்வகையில் சுத்தம் செய்த நீரும், கைவிட்டு மொள்ளும் குடத்தில் மீண்டும் கெடும். குறுகிய வாயுள்ள மூடிய பாத்திரமும், நீண்ட காம்புள்ள அகப்பையும் வேண்டும்.

வெள்ளத்திற்கும் புயலுக்கும் பின்

வெள்ளம் கைப்பிடிச் சுவரைத் தாண்டிய கிணற்றில், நீரை இறைத்து, சேற்றை எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊறிய நீருக்கு மருந்திட்டுச் சோதித்த பின்னரே குடிக்கலாம். கடலோரத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபின், இலங்கையின் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளை மிகுதியாக இறைத்ததனால், கீழிருந்த உப்பு நீர் மேலே ஏறிய இடங்கள் உண்டு. நாகப்பட்டினக் கரையின் மணற்பாங்கான கிணறுகளுக்கும் இப்படிப்பினை பொருந்தும். உப்பைக் காய்ச்சியும் நீக்க முடியாது, மருந்திட்டும் நீக்க முடியாது. மழை நீர் இறங்கிக் கழுவும்வரை வேறு நீரைத் தேடுவதே வழி.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறியபோது, மின்கம்பங்கள் சாய்ந்து, மோட்டார்கள் நின்று, மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. அத்தகைய நாளில் நன்கு பேணப்பட்ட பழைய கிணறும் கைப்பம்புமே ஊரைக் காப்பவை. குழாய் வந்ததென்று கிணற்றைக் குப்பைக் குழியாக்கிய கிராமம் அன்று தவிக்கும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

1939-ம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிநீரைக் காக்கும் பொறுப்பை ஸ்தல ஸ்தாபனங்களின் மீது வைத்தது. ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஆண்டுதோறும் அணை திறக்குமுன் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறையும் ஊரிலுள்ள எல்லாக் குடிநீர் இடங்களையும் நேரில் பார்வையிட்டுக் குறித்து வைப்பது நலம். கிணற்றின் குறுக்களவையும் இட வேண்டிய மருந்தின் அளவையும் கைப்பிடிச் சுவரிலேயே எழுதி வைத்தால், எவர் இட்டாலும் தவறாது. மலக்கிருமி உண்டா என்று அறிய, 1982-ல் இந்தியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்ட எளிய சோதனைப் புட்டி இருக்கிறது. மருந்திடுமுன் எடுத்த நீரை அதில் ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், அழுக்குற்ற நீர் கறுக்கும். கறுத்த புட்டியை ஊர்க்கூட்டத்தில் காட்டுவது பத்துப் பிரசங்கங்களினும் பலன் தரும். ஐயம் இருப்பின் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லா ஆய்வுக்கூடத்திற்கு நீரை அனுப்பலாம்.

நிலச்சுவான்தார்களுக்கும் ஒரு கடமை உண்டு. தம் வீட்டுக் குடத்தை மட்டும் சுத்தமாக வைத்தால் போதாது. நடவு நாளில் காலை முதல் வெயிலில் குனிந்து நிற்கும் பெண்கள், தாகம் எடுத்தால் எதிரிலுள்ள வாய்க்கால் நீரையே கையால் அள்ளிக் குடிக்கின்றனர். அணை திறந்தபின் வரும் முதல் நீரும் பெரும்பாலும் குருவை நடவு வேளையிலேயே வருகிறது. வரப்பு நிழலில் காய்ச்சி ஆறிய நீர் ஒரு மூடிய குடமும் ஓர் அகப்பையும் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். நடவு நடுவே பேதி கண்டு ஆட்கள் படுத்தால் பருவம் தவறும். அதற்கு மேல், ஓர் உயிர் போனால் எந்த மகசூலாலும் அதனை ஈடு செய்ய இயலாது. இவ்வாண்டு நாற்று விடும் நாளைக் குறிக்கும்போதே, நடவு வயலுக்குக் குடிநீர் கொண்டு செல்லும் ஏற்பாட்டையும் சேர்த்துக் குறித்துக் கொள்வார்களாக.